அமுக்கிய குடம்: நனவிலி மனம் பற்றி ஓர் அறிமுகம்

"என் ஆழ்மனசு அப்பவே சொல்லுச்சு, நான்தான் கேக்கல" என்று ஒருமுறையாவது சொல்லாதவர்கள் நம்மில் குறைவு. உள்ளுணர்வையும் ஆழ்மனம் என்கிறோம், பழக்கத்தையும் ஆழ்மனம் என்கிறோம். காலையில் எழுந்து கண்ணாடி முன் நின்று "நான் பணக்காரன்" என்று பத்து முறை சொன்னால் ஆழ்மனம் அதை நடத்திக் கொடுத்துவிடும் என்று சொல்லும் காணொளிகளும் நிறைய. பேச்சோடு பேச்சாக வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் பெயரும் வந்துவிடுகிறது, இதையெல்லாம் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று.

ஃப்ராய்ட் பேசியது வேறு. கால்வலி தாங்காமல் நடக்கவே சிரமப்பட்ட ஒரு பெண். தாகத்தில் தவித்தும் தம்ளரை உதட்டருகே கொண்டுபோய்த் தள்ளிவிட்ட இன்னொரு பெண். உடம்பில் கோளாறு எதுவும் தென்படவில்லை, அவர்கள் நடிக்கவும் இல்லை. அப்படியானால் இந்தத் துன்பம் எங்கிருந்து வருகிறது? நாம் பொதுவாக ஆழ்மனம் என்று சொல்லும் நனவிலி பற்றிய அவருடைய சிந்தனை இந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தது. கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் ஆழ்மனம் இன்று வியாபாரச் சரக்காகிவிட்டது என்று நினைக்கிறேன். அதனால் கேள்வியிலிருந்தே தொடங்கி, இதைப் பற்றி எதுவும் படிக்காத ஒருவரும் கூடவே வரும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

நமக்குத் தெரியாததில் மூன்று வகை

இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உங்கள் இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. நான் சொல்லும்வரை அது உங்கள் கவனத்தில் இல்லை. சைக்கிள் ஓட்டும்போது எந்தப் பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. உடம்பும் பழக்கமும் தானாகப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைகள் முதல் வகை. இதைப் புரிந்துகொள்ள ஃப்ராய்ட் தேவையில்லை.

ஐந்தாம் வகுப்பில் உங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் யார்? கேட்பதற்கு முந்தைய நொடிவரை அந்தப் பெயர் உங்கள் மனத்தில் இல்லை. கேட்டதும் வந்துவிட்டது. வரவில்லை என்றாலும் நாக்கு நுனியில் நிற்கும், சாயங்காலம் காபி குடிக்கும்போது சட்டென்று வரும். இந்தக் கணத்தில் நாம் அறிந்திருப்பதை நனவு என்கிறார்கள். இப்போது நனவில் இல்லை, ஆனால் கூப்பிட்டால் வரும் என்ற நிலையில் இருப்பது முன்நனவு. நாம் சேர்த்து வைத்திருக்கும் நினைவுகளில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. இது இரண்டாம் வகை.

இனி மூன்றாவது. உறவுக்காரர் ஒருவருக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டும். பையில்தான் இருக்கிறது. அவர் வீட்டுத் தெரு வழியாகவே மூன்று முறை போய் வந்துவிட்டீர்கள், மூன்று முறையும் மறந்துபோயிற்று. மற்ற எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று. வீட்டில் கேட்கிறார்கள்: "நிலத் தகராறுல அவரு பேசினது இன்னும் உங்க மனசுல இருக்கா?" உங்களுக்குச் சுர்ரென்று கோபம் வருகிறது. "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு" என்று கத்துகிறீர்கள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறீர்கள். ஆனால் மறந்துபோன விஷயத்துக்கு இவ்வளவு கோபம் ஏன்?

கூப்பிட்டால் வராதது மட்டுமல்ல இதன் அடையாளம். கூப்பிடுகிறவர் மேலேயே எரிச்சல் வரும். நாமே அறிய விரும்பாமல் ஒதுக்கிவிட்ட, ஒதுக்கிய பிறகும் உள்ளே இருந்து வேலை செய்துகொண்டே இருக்கிற எண்ணங்களும் ஆசைகளும்: ஃப்ராய்ட் சொன்ன நனவிலி இதுதான்.

ஆக, நமக்குத் தெரியாமல் நடப்பதெல்லாம் நனவிலி ஆகிவிடாது. தானாக நடப்பது ஒன்று, கூப்பிட்டால் வருவது ஒன்று, வரவிடாமல் தடுக்கப்படுவது ஒன்று. இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது.

ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நனவிலி என்ற எண்ணத்தை முதலில் சொன்னவர் ஃப்ராய்ட் இல்லை. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் எட்வர்ட் ஃபான் ஹார்ட்மன் 1869-லேயே நனவிலியைப் பற்றிப் பெரிய நூலே எழுதிவிட்டார், அது பரவலாகப் படிக்கப்பட்டது. ஃப்ராய்ட் கொண்டுவந்தது, எதிரே இருக்கும் ஒரு நோயாளியின் பேச்சிலிருந்து அதைத் தேடிப்போகும் வழியை.

கையுறை அளவுக்கு மரத்துப்போன கை

1856-ல் மொராவியாவின் ஃப்ரைபெர்க் என்ற சிறிய ஊரில் பிறந்து, நான்கு வயதில் குடும்பத்தோடு வியன்னா வந்தவர் ஃப்ராய்ட். மருத்துவம் படித்தாலும் மனம் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தது. விலாங்கு மீன்களை நூற்றுக்கணக்கில் அறுத்துப் பார்த்தார், மீன்களின் நரம்பணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மனத்தைப் பற்றிப் பேசப் போகிறவர் இப்படி நரம்பிலிருந்து வந்தவர் என்பது முக்கியம். ஏனென்றால் அவரை முதலில் குழப்பியதே, நரம்போடு ஒத்துப்போகாத ஒரு நோய்தான்.

1885 அக்டோபரில், 29 வயதில், அவர் பாரிஸில் சால்பெத்ரியேர் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ழான் மார்ட்டின் ஷார்கோ என்ற புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஹிஸ்டீரியா நோயாளிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். உறுப்பில் எந்தப் பழுதும் இல்லாமலேயே வாதம், வலிப்பு, பேச்சிழப்பு, பார்வையிழப்பு என்று வரும் நிலைக்கு அன்று ஹிஸ்டீரியா என்று பெயர். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதனால் பெண்களுக்கே வரும் நோய் என்றும், பாதிக்குப் பாதி நடிப்பு என்றும் பல மருத்துவர்கள் ஒதுக்கினார்கள். ஷார்கோ ஒதுக்கவில்லை. ஆண்களுக்கும் வருவதைக் காட்டினார். ஹிப்னாடிசத்தில், அதாவது சொல்லால் ஒருவரைத் தூக்கம் போன்ற நிலைக்குக் கொண்டுபோய், அதே வாதத்தை வரவழைக்கவும் போக்கவும் முடியும் என்று காட்டினார்.

இந்த நோயாளிகளில் சிலருக்குக் கை சரியாக மணிக்கட்டு வரை மரத்திருக்கும், கையுறை போட்டதுபோல. ஒரு நரம்பு கெட்டு இப்படி நடக்கவே முடியாது. நம் கையின் நரம்புகள் மணிக்கட்டில் கோடு கிழித்து நிற்பதில்லை. முழங்கை தாண்டி மேலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பும் கையின் ஒரு பட்டைக்குத்தான் உணர்வு கொடுக்கிறது. ஒரு நரம்பு கெட்டால் சுண்டுவிரல் பக்கம் மட்டும் மரக்கலாம், கட்டைவிரல் பக்கம் மட்டும் மரக்கலாம். கையுறை வடிவில் மரக்காது.

அப்படியானால் மரத்தது எது? உடற்கூறு படிக்காத சாதாரண மனிதர் 'கை' என்று எதை நினைக்கிறாரோ அது. 1893-ல் ஃப்ராய்ட் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொன்னார்: உடற்கூறு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதுபோல ஹிஸ்டீரியா நடந்துகொள்கிறது. நோய் நரம்பின் வழியே போகவில்லை, எண்ணத்தின் வழியே போகிறது.

அந்த எண்ணம் நோயாளிக்கே தெரியாது என்றால்? அதற்கான சான்றைப் பிரான்சின் நான்சி நகரில் 1889-ல் பெர்ன்ஹைம் என்ற மருத்துவரிடம் பார்த்தார். ஹிப்னாடிசத்தில் இருப்பவரிடம் ஒரு கட்டளையைச் சொல்லி, விழித்ததும் கட்டளையை மறக்கும்படியும் சொல்லிவிடுவார்கள். அவர் விழித்தபின் அதைச் செய்வார், ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே. வாழ்நாளின் கடைசிக் காலத்தில் எழுதிய ஒரு குறிப்பில் ஃப்ராய்ட் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறார். மருத்துவர் தன் குடையை மூலையில் வைத்துவிட்டு, "நான் வெளியே போய்த் திரும்பி வரும்போது குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடி" என்று உறங்குபவரிடம் சொல்கிறார். அவர் விழிக்கிறார். மருத்துவர் திரும்பி வருகிறார். அறைக்குள்ளேயே குடை விரிகிறது. ஏன் என்று கேட்டால் அவர் தடுமாறுகிறார், வெளியே மழை பெய்வதால் இங்கேயே விரித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன் என்பதுபோல ஏதோ சமாளிக்கிறார்.

அந்தச் சமாளிப்பைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. தான் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும் என்று மனம் அவசர அவசரமாக ஒன்றைத் தயாரித்துக்கொண்டது. நாம் நம் செயல்களுக்குச் சொல்லும் காரணங்களில் எத்தனை இப்படிப்பட்டவை என்ற எண்ணம் வந்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் குடிக்காத பெண்

வியன்னாவில் ஃப்ராய்டுக்கு மூத்த நண்பர் ஜோசப் புரூயர், மதிப்புமிக்க மருத்துவர். 1880 முதல் 1882 வரை அவர் பார்த்த இளம் பெண் ஒருவரை உளவியல் வரலாறு 'அன்னா ஓ' என்று அழைக்கிறது. தந்தையின் நோய்ப்படுக்கை அருகே இருந்து இரவும் பகலும் கவனித்தவர். வலது கை செயலிழந்தது, பார்வை குழம்பியது, ஒரு கட்டத்தில் தாய்மொழி ஜெர்மனே வராமல் ஆங்கிலத்தில் மட்டும் பேசினார்.

கடும் வெயில் காலம். சில வாரங்களாக அவரால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. தம்ளர் உதட்டில் பட்டதும் தள்ளிவிடுவார். பழங்களைத் தின்றே தாகம் தீர்த்தார். ஒருநாள் ஹிப்னாடிச நிலையில் பேசும்போது, தனக்குத் துணையாக அமர்த்தப்பட்டிருந்த, தனக்குப் பிடிக்காத பெண்ணின் அறைக்குப் போனதையும், அவளுடைய நாய் ஒரு தம்ளரிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததையும் சொன்னார். அருவருப்பாக இருந்தது, மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. அன்று அடக்கிய கோபத்தை இப்போது கொட்டித் தீர்த்தார். உடனே தண்ணீர் கேட்டார். தம்ளர் உதட்டில் இருக்கும்போதே விழித்தார்.

இதை அவரே ஆங்கிலத்தில் 'பேச்சு வைத்தியம்' என்று சொன்னார், கொஞ்சம் விளையாட்டாகப் 'புகைபோக்கி சுத்தம் செய்வது' என்றும் சொன்னார். ஃப்ராய்ட் பின்னால் வளர்த்த உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறைக்கு முதல் பெயரை வைத்தவர் ஒரு நோயாளி என்பது எனக்கு எப்போதும் மனநிறைவு தரும் விஷயம்.

இந்தக் கதையை முழுமையான வெற்றியாகச் சொல்வது பழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. 1882-ல் புரூயரின் சிகிச்சை முடிந்த பிறகும் அவர் மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார், குணமாக இன்னும் ஆண்டுகள் பிடித்தன. அவருடைய உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். பின்னாளில் ஜெர்மனியில் 1904-ல் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கி, ஆதரவற்ற பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் வாழ்நாள் முழுதும் உழைத்தார்.

எலிசபெத்தின் கால்

1892-ல் 24 வயதுப் பெண் ஒருவர் ஃப்ராய்டிடம் வந்தார். புரூயரும் ஃப்ராய்டும் ஹிஸ்டீரியா பற்றிச் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் அவருக்கு வைத்த பெயர் எலிசபெத். இரண்டு வருடத்துக்கு மேலாகக் கால்வலி. நடந்தால் வலி, நின்றால் வலி. வலி தொடங்கும் இடம் வலது தொடை.

அவரை ஹிப்னாடிசத்துக்குள் கொண்டுபோக ஃப்ராய்டால் முடியவில்லை. படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, நெற்றியில் கையை வைத்து அழுத்தி, "இப்போது என்ன தோன்றுகிறது? எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்" என்று கேட்டார். துண்டு துண்டாக நினைவுகள் வந்தன. நோயாளித் தந்தைக்குத் தினமும் காலையில் கட்டு மாற்றும்போது, அவருடைய வீங்கிய காலைத் தன் தொடைமேல் வைத்துக்கொள்வார் எலிசபெத். வலி தொடங்கும் இடம் அதே இடம்.

கதை அதோடு முடியவில்லை. அவருடைய அக்கா கர்ப்பமாக இருந்தபோது இதய நோயால் இறந்தார். செய்தி கேட்டு இரவு ரயிலில் வந்து சேர்ந்து அக்காவின் உடலருகே நின்றபோது, மின்னல்போல ஓர் எண்ணம் வந்து போனது: இனி அத்தான் தனியாள், நான் அவரைக் கட்டிக்கொள்ளலாம். அக்காவின் மேல் உயிரையே வைத்திருந்தவருக்கு இந்த எண்ணம் எப்படி இருந்திருக்கும்? மறுகணமே அது மனத்திலிருந்து துரத்தப்பட்டது. அதன் இடத்தில் கால்வலி வந்து அமர்ந்தது. ஃப்ராய்ட் புரிந்துகொண்டது இப்படி.

அதை அவர் சொன்னதும் எலிசபெத் அலறினார், வலி கடுமையாகத் திரும்பியது. அது உண்மையில்லை, நீங்கள்தான் என் தலையில் ஏற்றுகிறீர்கள், நான் அவ்வளவு கெட்டவள் இல்லை என்றார். ஃப்ராய்ட் இரண்டு விஷயங்களைச் சொல்லி ஆறுதல்படுத்தினார். உணர்வுகளுக்கு நாம் பொறுப்பாளி ஆக முடியாது. இந்த எண்ணத்துக்காக நோயில் விழுந்ததே நீங்கள் எவ்வளவு நேர்மையானவர் என்பதற்குச் சாட்சி. அந்தக் காலத்து மருத்துவர் ஒரு பெண்ணிடம் இப்படிப் பேசியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடுகிறது.

கையை நெற்றியில் வைப்பதையும் கொஞ்ச காலத்தில் விட்டுவிட்டார். 1889-லேயே இன்னொரு பெண், கேள்வி கேட்டுக் குறுக்கிடாமல் தன்னைப் பேச விடும்படி அவரிடம் கொஞ்சம் கடுப்பாகவே சொல்லியிருந்தார். பின்னால் அதுவே முறையாயிற்று. சாய்ந்து படுத்துக்கொண்டு, மனத்தில் வருவதை அற்பமாகத் தோன்றினாலும் வெட்கமாக இருந்தாலும் விட்டுவிடாமல் சொல்வது. இதற்குத் தடையில்லாப் பேச்சு என்று பெயர் வைத்துக்கொள்வோம். மருத்துவர் தலைமாட்டில், கண்ணில் படாமல் அமர்ந்திருப்பார். நாளுக்கு எட்டு மணி நேரம் பிறர் தன்னை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று ஃப்ராய்ட் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். 1896-ல் இந்த முறைக்கு உளப்பகுப்பாய்வு என்ற பெயர் அவர் எழுத்தில் முதன்முதலாக வந்தது.

சுருக்கமாகச் சொன்னால், ஷார்கோவிடம் நோய் எண்ணத்தில் இருக்கலாம் என்று கண்டார். பெர்ன்ஹைமிடம் அந்த எண்ணம் தனக்கே தெரியாமல் இருக்கலாம் என்று கண்டார். தன் நோயாளிகளிடம், அது தெரியாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு மோதல் என்று கண்டார்.

தண்ணீருக்குள் குடம்

இப்போது மையமான கருத்துக்கு வருவோம். கிணற்றில் குடத்தைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகியவர்களுக்கு இது எளிது. காலிக் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். உள்ளே போகும். ஆனால் கையை எடுக்க முடியாது, எடுத்தால் மேலே வந்துவிடும். முழுதாக மூழ்கும்வரை, அமுக்க அமுக்க இன்னும் பலமாக முட்டும். கை சோர்ந்து கொஞ்சம் சறுக்கினால், அமுக்கிய இடத்தில் வராமல் வேறு பக்கமாகப் பீறிட்டு வரும். இத்தனை நேரமும் அந்தக் கையால் வேறு வேலை எதுவும் செய்ய முடியாது.

தாங்க முடியாத எண்ணத்தை நனவுக்கு வரவிடாமல் மனம் தள்ளி வைப்பதை அமுக்குதல் என்று சொல்லலாம். இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை இல்லை, இடைவிடாமல் பலம் செலவழிந்துகொண்டே இருக்கும் என்று ஃப்ராய்ட் 1915-ல் எழுதினார். அமுக்குகிற பலமும் நமக்குத் தெரியாமலேயே செலவாகிறது. நோயாளிகள் ஏன் எப்போதும் களைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதிலும் ஒரு விடை இருக்கிறது.

ஆழ்மனம் என்ற சொல்லின்மேல் எனக்கு இருக்கும் மனக்குறை இங்கேதான். ஆழம் என்றதும் அடியில் அமைதியாகக் கிடக்கும் புதையல் கண்முன் வருகிறது, மூச்சைப் பிடித்து முங்கினால் எடுத்துக்கொண்டு வரலாம் என்பதுபோல. நனவிலியில் இருப்பவை அமைதியாகக் கிடப்பதில்லை. மேலே வரத்தான் துடிக்கின்றன. தடுப்பது நாம்.

ஃப்ராய்டே ஒரு நல்ல உவமை சொல்லியிருக்கிறார். 1909 செப்டம்பரில் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஐந்து சொற்பொழிவுகள் ஆற்றினார். அங்கே எதிரே உட்கார்ந்திருந்தவர்களையே உவமைக்குள் இழுத்துக்கொண்டார். இந்த அரங்கில் ஒருவர் சிரித்துக்கொண்டும் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டும் தொந்தரவு செய்கிறார் என்று வையுங்கள். பலசாலிகள் சிலர் எழுந்து அவரை வெளியே தள்ளுகிறார்கள். திரும்பி வராமல் இருக்கக் கதவுக்கு முட்டாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். வெளியே தள்ளியதுதான் அமுக்குதல். கதவருகே உட்கார்ந்திருப்பவர்கள் காட்டுவது எதிர்ப்பு, அதாவது தள்ளிய எண்ணம் திரும்பி வரும்போதெல்லாம் வழிமறிக்கும் பலம். சிகிச்சையில் நோயாளி திடீரென்று "ஒன்றும் தோன்றவில்லை" என்று மௌனமாவது இதன் அறிகுறி.

ஆனால் வெளியே போனவர் சும்மா இருப்பாரா? கதவை இடிக்கிறார், கத்துகிறார். முன்பைவிடப் பெரிய தொல்லை. அந்த இடிதான் நோய்க்குறி. அப்போது பல்கலைக்கழகத் தலைவர் ஸ்டான்லி ஹால் வெளியே போய் அவரிடம் பேசி, ஒழுங்காக நடந்துகொள்வதாக வாக்கு வாங்கி உள்ளே கூட்டி வருகிறார். உளப்பகுப்பாய்வு மருத்துவர் செய்வது அந்த வேலை.

வெளியே வரும் வழிகள்

நோய்க்குறி ஒரு வழி. மற்ற இரண்டு வழிகள் நோய் இல்லாத நம் எல்லோரிடமும் இருக்கின்றன. ஃப்ராய்டின் சிந்தனை மருத்துவமனையைத் தாண்டிப் பரவியதற்குக் காரணமே இவைதான்.

வாய்தவறல் ஒன்று. அதைப் பற்றி 1901-ல் எழுதினார். ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் ஒருவர், கூட்டத்தைத் தொடங்கி வைப்பதற்குப் பதிலாக "கூட்டம் முடிந்ததாக அறிவிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். நல்லது எதுவும் நடக்கப் போவதில்லை என்று தோன்றிய கூட்டம், சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற நினைப்பு வாயை முந்திக்கொண்டது. களைப்பில் நாக்கு குழறியிருக்கலாமே என்று கேட்கலாம். ஃப்ராய்ட் அதற்கும் பதில் வைத்திருந்தார். இருட்டான தெருவில் வழிப்பறிக்கு ஆளான ஒருவர் காவல் நிலையத்தில் போய், இருட்டும் தனிமையும் என் கடிகாரத்தைப் பறித்துக்கொண்டன என்று புகார் கொடுப்பாரா? களைப்பு அந்த இருட்டு மாதிரி. பறித்தவன் வேறு. ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் இது பொருந்துமா என்றால், எனக்கு அவ்வளவு உறுதியில்லை. சில நேரம் நாக்கு வெறுமனே குழறவும் செய்யும்.

கனவு இன்னொரு வழி. 1899 நவம்பரில் வந்த அவருடைய கனவு நூல், அட்டையில் 1900 என்று அச்சிடப்பட்டிருந்தது. 600 பிரதிகள் விற்க எட்டு ஆண்டுகள் ஆயின. தன் மகள் அன்னாவின் கனவை அதில் சொல்கிறார். 19 மாதக் குழந்தை. வாந்தி எடுத்ததால் நாள் முழுக்கப் பட்டினி போட்டிருந்தார்கள். அன்றிரவு தூக்கத்தில் தன் பெயரைச் சொல்லி, ஸ்ட்ராபெரி, காட்டு ஸ்ட்ராபெரி, ஆம்லெட், புட்டிங் என்று மழலையில் அடுக்கியது. மறுக்கப்பட்டதெல்லாம் கனவில் பரிமாறப்பட்டுவிட்டது. குழந்தைக்கு மறைக்க எதுவும் இல்லை, அதனால் கனவு நேராக இருக்கிறது. பெரியவர்களின் ஆசைகள் வெளிப்படையாக வந்தால் தடுக்கப்படும். அதனால் வேடம் போட்டு வருகின்றன. பலரை ஒரே ஆளாகச் சேர்த்து, முக்கியமானதை ஓரத்துக்குத் தள்ளி, அற்பமானதை நடுவில் நிறுத்தி.

இந்த வேடத்தைக் கலைக்க அகராதி கிடையாது. கனவில் பாம்பு வந்தால் இன்ன பலன் என்று நம் பஞ்சாங்கங்களில் வரும் பட்டியல் போன்ற நூல்கள் ஐரோப்பாவிலும் இருந்தன, தன் வழி அது இல்லை என்று ஃப்ராய்ட் தெளிவாகவே எழுதினார். சில குறியீடுகள் பலருக்கும் பொதுவாக வரும் என்று பின்னால் ஏற்றுக்கொண்டாலும், கனவு கண்டவர் அந்தப் பாம்பைப் பற்றித் தடையில்லாமல் பேசும்போது எங்கே போய்ச் சேர்கிறார் என்பதற்கே முதலிடம் கொடுத்தார்.

பாலியல் பற்றி, 'அது' பற்றி

"எல்லாவற்றையும் பாலியலில் கொண்டுபோய் நிறுத்தியவர்" என்ற பேச்சைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. ஹிஸ்டீரியாவுக்குக் காரணம் சிறுவயதில் நடந்த பாலியல் வன்முறை என்று முதலில் நம்பினார், 1896-ல் வெளிப்படையாகச் சொன்னார். 1897 செப்டம்பரில் நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கோட்பாட்டில் தனக்கு நம்பிக்கை போய்விட்டது என்றார். பிறகு குழந்தைப் பருவ ஆசைகள், கற்பனைகள் பக்கம் திரும்பினார். உண்மையாகவே வன்முறைக்கு ஆளானவர்களின் சொல்லைக் கற்பனை என்று தள்ள இது வழிவிட்டது என்ற குற்றச்சாட்டு இன்றும் வலுவாக இருக்கிறது. அதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன், அந்த வன்முறை நடப்பதே இல்லை என்று அவர் சொன்னதில்லை என்றாலும்.

1923-ல் மனத்தை மூன்றாகப் பிரித்தார். இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று பாடநூல்களில் மிரட்டும் பெயர்கள் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் லத்தீனிலிருந்து கொண்டுவந்தவை. ஃப்ராய்ட் ஜெர்மனில் எழுதியது குழந்தைக்கும் தெரிந்த சொற்கள்: 'அது', 'நான்', 'மேல்-நான்'. கோபம் தணிந்தபின் "என்னமோ எனக்குள்ள புகுந்துடுச்சு" என்கிறோமே, அந்த 'என்னமோ'தான் அவருடைய 'அது'. "அப்படிச் செய்யலாமா?" என்று உள்ளே கேட்கும் பெற்றோர் குரல் மேல்-நான். இருவருக்கும் வெளியுலகுக்கும் நடுவே சமரசம் செய்து களைப்பது நான்.

புதன்கிழமைக் கூட்டம்

1902-ல் வியன்னாவில் ஃப்ராய்ட் வாழ்ந்த பெர்க்காஸ தெரு 19-ஆம் எண் வீட்டில் புதன்கிழமை மாலைகளில் ஃப்ராய்டும் நான்கு மருத்துவர்களும் கூடிப் பேசத் தொடங்கினார்கள், அதில் ஆல்ஃபிரட் ஆட்லரும் ஒருவர். 1908-ல் அது வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கம் ஆயிற்று. 1910-ல் பன்னாட்டுச் சங்கம் உருவாகி, சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் முதல் தலைவரானார். 1911-ல் ஆட்லரும், 1913-ல் யுங்கும் பிரிந்து தத்தம் வழியில் போனார்கள். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஃப்ராய்டின் 75-ஆம் பிறந்தநாளுக்கு அங்கிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை வியன்னாவுக்குப் போயிற்று. 1933-ல் பெர்லினில் நாஜிகள் அவருடைய நூல்களை எரித்தார்கள். 1938 ஜூனில், 82 வயதில், தாடைப் புற்றுநோயோடு லண்டனுக்குத் தப்பிச் சென்று, அடுத்த ஆண்டு செப்டம்பரில் அங்கேயே இறந்தார். வியன்னாவில் விட்டுவந்த சகோதரிகள் நால்வரும் நாஜிகளின் முகாம்களில் உயிரிழந்தார்கள்.

எது நிற்கிறது, எது கேள்வியாகவே இருக்கிறது

நமக்குத் தெரியாமல் மனம் வேலை செய்கிறது என்பதை இன்று எந்த உளவியலாளரும் மறுப்பதில்லை. ஜெனீவாவில் உளவியலாளர் எட்வர்ட் கிளாபரேட் 1911-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு அழகான சான்று. புதிய நினைவுகள் எதுவும் தங்காத ஒரு பெண்ணோடு, விரல்களுக்கு நடுவே குண்டூசியை மறைத்து வைத்துக் கைகுலுக்கினார். அவர் அதை உடனே மறந்துவிட்டார். ஆனால் பிறகு கை நீட்டியபோது தன் கையை இழுத்துக்கொண்டார், ஏன் என்று தெளிவாகச் சொல்ல அவரால் முடியவில்லை. இங்கே தெரியாமல் ஒரு நினைவு வேலை செய்கிறது. ஆனால் அதை யாரும் அமுக்கவில்லை, வெட்கமோ மோதலோ இல்லை. இன்றைய ஆய்வுக்கூடங்கள் நிறுவியிருப்பது பெரும்பாலும் இந்த வகைத் தெரியாமையை. அதை வைத்துக்கொண்டு ஃப்ராய்ட் சரி என்று நிறுவிவிட்டதாகச் சொல்வது, தொடக்கத்தில் பிரித்த மூன்று வகைகளை மறுபடி ஒன்றாகக் கலப்பதாகிவிடும்.

அமுக்குதலைச் சோதிப்பது மிகக் கடினம். அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் எழுப்பிய மறுப்பு இதைப் பற்றியதுதான்: எந்தச் சான்று வந்தால் இந்தக் கோட்பாடு தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? நோயாளி ஆம் என்றால் கோட்பாடு சரி. இல்லை என்றால் அது எதிர்ப்பு, அப்போதும் கோட்பாடு சரி. பத்திரிகையை மூன்று முறை மறந்தவர் கத்தியதை நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவர் கத்தியது பொய்யான குற்றச்சாட்டின் வலியால் என்றால்?

எலிசபெத் பிற்காலத்தில் தன் மகளிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். தன்னை அனுப்பி வைத்தது தாடி வைத்த ஓர் இளம் நரம்பு மருத்துவரிடம் என்றும், அத்தான் மேல் தனக்குக் காதல் என்று நம்பவைக்க அவர் முயன்றார் என்றும், அது உண்மையில்லை என்றும் சொன்னார். சிகிச்சைக்குப் பிறகு 1894-ல் ஒரு நடன விருந்தில் அவர் சுழன்று ஆடிப் போவதை ஃப்ராய்ட் பார்த்து எழுதியிருப்பதும் உண்மை.

நோயாளியின் 'இல்லை'க்கு என்ன மதிப்பு என்ற கேள்வியை ஃப்ராய்ட் 81 வயதில், 1937-ல், ஒரு கட்டுரையில் நேராக எடுத்துக்கொண்டார். 'இல்லை' என்பதை மட்டும் வைத்து மருத்துவர் சொன்னது தவறு என்று முடிவு கட்ட முடியாது, 'ஆம்' என்பதை வைத்துச் சரி என்றும் முடிவு கட்ட முடியாது என்றார். பிறகு எதை வைத்து? சொன்ன பிறகு நோயாளிக்குப் புதிய நினைவுகள் வருகின்றனவா, பேச்சு நகர்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எதுவும் வரவில்லை என்றால், தவறு செய்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு அதை நோயாளியிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார்.